வீடு மாறிய தொட்டியும் மூச்சுத் திணறும் மீனும்: அமோனியாவைப் பற்றி ஒரு எளிய விளக்கம்

ஒரு திங்கட்கிழமை விடியக்காலையில் அக்காவின் மகனிடமிருந்து போன் வந்தது. "மாமா, மீனெல்லாம் மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடுது. ரெண்டு செத்துப் போச்சு. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, என்னண்டு விளங்குதில்ல." சனிக்கிழமைதான் அவர்கள் மட்டக்களப்புப் பக்கம் கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடிக்கு வீடு மாறியிருந்தார்கள். மூன்றடித் தொட்டியை வெறுமையாக்கி, கதிரை மேசையோடு பட்டா லொறியில் ஏற்றி, மீன்களை மூடி போட்ட ஒரு வாளியில் கொண்டுபோயிருந்தார்கள். "பில்டர் ஸ்பொஞ்சை என்ன மனே செய்தாய்?" என்று கேட்டேன். "நல்லாக் கழுவினன் மாமா. குழாயைத் திறந்து விட்டு, தண்ணி தெளிவா வரும் மட்டும் பிழிஞ்சன்."

அந்த ஒரு பதிலிலேயே விஷயம் விளங்கிவிட்டது. அவன் சோம்பேறித்தனமாக எதையும் விட்டுவிடவில்லை, அக்கறையோடு சுத்தம் செய்திருக்கிறான். அந்தச் சுத்தம்தான் மீனைக் கொல்கிறது. மீன் வளர்க்கத் தொடங்கும் எல்லோருக்கும் இது நடக்கக்கூடியது என்பதால், அன்று அவனுக்குப் போனில் அவசரமாகச் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். உங்கள் மீன் இப்போதே மேலே வந்து திணறிக்கொண்டிருந்தால் முதலில் தொட்டியில் மூன்றிலொரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரை மெதுவாக ஊற்றி, எயார் பம்பைப் போட்டுவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

மீன் சாப்பிடுகிறது, கழிவை விடுகிறது. நமக்கு அது சிறுநீராகப் போகிறது, மீனுக்கோ பெரும்பகுதி பூ வழியாகவே அமோனியாவாக வெளியே போகிறது. பூ என்றால், சந்தையில் மீன் வாங்கும்போது சிவப்பாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்ப்போமே, அதேதான், மீனின் சுவாச உறுப்பு. ஒட்சிசன் உள்ளே வருவதும் அமோனியா வெளியே போவதும் அந்த ஒரே வாசலால். தண்ணீரில் அமோனியா குறைவாக இருக்கும்வரை இரத்தத்தில் இருப்பது தானாக வெளியே கசிந்துவிடும். தண்ணீரில் அது கூடிவிட்டால் வெளியே போக வழியில்லாமல் இரத்தத்திலேயே தேங்கி நிற்கும். பூவின் மெல்லிய இழைகள் எரிந்து வீங்கி ஒட்சிசன் உள்ளே போவதும் குறைந்துவிடும். அதனால்தான் தொட்டி நிறைய எயார் குமிழி ஓடிக்கொண்டிருந்தாலும் மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது. தண்ணீரில் காற்று இருக்கிறது, அதை எடுக்கும் இடம்தான் கெட்டுப்போயிருக்கிறது.

சரி, மீன் எந்த நாளும் அமோனியா விடுகிறதே, மற்ற நாளில் ஏன் சாகவில்லை? ஏனென்றால் தொட்டிக்குள் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகிறது, இன்னொரு வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுகிறது. அமோனியா கடும் நஞ்சு, நைத்திரைற்றும் நஞ்சுதான், நைத்திரேற்று மட்டும் ஓரளவு கூடினாலும் மீன் தாங்கும், வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அதுவும் போய்விடும். இந்தப் பற்றீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவது மிகக் குறைவு. ஸ்பொஞ்சின் துளைகளில், அடியில் உள்ள கல்லில், கண்ணாடியில், மரக்கட்டையில் வழுவழுப்பான படையாக ஒட்டியிருக்கும். ஸ்பொஞ்சைத் தொட்டால் கையில் பிசுபிசுக்கும் அந்த மண்ணிறப் படையை ஊத்தை என்று நினைக்கிறோம். தொட்டியின் ஈரல் அதுதான்.

இந்தப் பற்றீரியாவுக்கு மூன்று பலவீனம் உண்டு. குளோரின் பட்டால் சாகும். ஒட்சிசன் இல்லாமல் மணிக்கணக்காக மூடி வைத்தால் சாகத் தொடங்கும். மூன்றாவது, மிக மெதுவாகப் பெருகும். சோற்றைப் புளிக்க வைக்கும் பற்றீரியா போல அரை மணிக்கொருதரம் இரட்டிக்காது, நல்ல சூழலிலேயே இரட்டிக்கப் பல மணி நேரம், சிலவேளை ஒரு நாளுக்கும் மேல் எடுக்கும். ஆகவே ஒரு பின்னேரத்தில் குழாய்த் தண்ணீரில் கழுவி விட்டதை மீண்டும் முழுதாக வளர்த்தெடுக்க நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

இப்போது வீடு மாறிய அந்தச் சனிக்கிழமையைத் திரும்பிப் பாருங்கள். ஸ்பொஞ்ச் குழாய்த் தண்ணீரில் கழுவப்பட்டது, கல்லும் அப்படியே. பழைய தண்ணீர் எல்லாம் வளவில் தென்னைக்குப் போனது. புதுவீட்டில் தொட்டியை நிரப்பினார்கள், தண்ணீர் பளிச்சென்று இருந்தது. பிள்ளைகளுக்குச் சந்தோஷம், பயணத்தில் பட்டினி கிடந்த மீன் என்று இரண்டு மடங்கு சாப்பாடு போட்டார்கள். ஞாயிறு முழுதும் மீன் நன்றாகத்தான் நீந்தியது. கழிவு கூடிக்கொண்டே போக, அதை மாற்ற ஆள் இல்லாத தொட்டியில் அமோனியா ஏறியது. அமோனியாவுக்கு நிறமில்லை, தொட்டியில் இருக்கும் அளவில் மணமும் இல்லை. தண்ணீர் தெளிவாக இருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

வாளியில் கொண்டுபோனதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. மூடிய வாளியிலோ கட்டிய பையிலோ மீன் விடும் மூச்சால் காபனீரொட்சைட்டு சேரும், தண்ணீர் சற்று அமிலத்தன்மையாகும். அமிலத் தண்ணீரில் அமோனியா அவ்வளவு தீங்கில்லாத அமோனியம் என்ற வடிவத்தில் இருக்கும், மீன் தாக்குப்பிடிக்கும். மூடியைத் திறந்து காற்றைக் குமிழவிட்டதும் காபனீரொட்சைட்டு பறந்துவிடும், தண்ணீரின் பீஎச் ஏறும், அதுவரை அடங்கிக் கிடந்தது நஞ்சாக மாறும். ஆகவே நீண்ட பயணம் வந்த மீனைத் திறந்த வாளியில் மணிக்கணக்காக வைத்து மெல்ல மெல்லத் தண்ணீர் கலந்து பழக்குவது உதவிக்குப் பதில் கெடுதல் செய்யலாம். வெப்பம் சமமாகும் வரை பதினைந்து நிமிடம் பையைக் கட்டியபடி தொட்டியில் மிதக்கவிட்டு, திறந்ததும் வலையால் எடுத்துத் தொட்டியில் விட்டுவிடுங்கள். வந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

பீஎச் என்ற சொல் வந்துவிட்டது, அதை விளங்கிக்கொள்ளாமல் இந்த நஞ்சை விளங்க முடியாது, அதனால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். தண்ணீர் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று சொல்லும் எண் அது. 7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம். கடையில் விற்கும் தண்ணீர்ச் சோதனைப் பெட்டி காட்டும் அமோனியா அளவில் அமோனியமும் நஞ்சான அமோனியாவும் சேர்ந்தே இருக்கும். நம் ஊர் வெப்பத்தில், தொட்டித் தண்ணீர் 28 பாகையில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், பீஎச் 7இல் அந்த மொத்தத்தில் 100க்கு 1 பங்குகூட நஞ்சாக இருக்காது. பீஎச் 8இல் 6, 7 பங்கு ஆகிவிடும். 9இல் 40 பங்கைத் தொடும். அதாவது உங்கள் தொட்டியிலும் நண்பரின் தொட்டியிலும் சோதனைக் குழாய் ஒரே பச்சையைக் காட்டலாம், லீற்றருக்கு 2 மில்லிகிராம் என்று. ஆனால் உங்கள் தண்ணீரில் பீஎச் கூட, நண்பருடையதில் குறைவு என்றால் நண்பரின் மீன் சோர்ந்து நிற்கும், உங்களுடையது செத்து மிதக்கும். வெப்பம் கூடினாலும் நஞ்சுப் பங்கு கூடும், அதோடு சூடான தண்ணீரில் ஒட்சிசனும் குறைவாகவே கரையும். சித்திரை வெயிலில் தொட்டி மாற்றுவது இரட்டைச் சுமை.

இதனால்தான் புதுச் சீமெந்துத் தொட்டியைப் பற்றி எச்சரிக்கிறேன். வீடு கட்டி முடித்ததும் முற்றத்தில் அழகாக ஒரு மீன் தொட்டி கட்டி, ஒரு வாரத்தில் மீன் விடுபவர்களை நிறையக் காண்கிறேன். புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிந்து பீஎச்சை 9க்கும் மேலே கொண்டுபோகும். அதில் கொஞ்ச அமோனியா போதும். தண்ணீரை நிரப்பி, சில நாள் விட்டு, இறைத்து, திரும்ப நிரப்பி, இப்படிப் பல தடவை செய்து பீஎச் இறங்கிய பிறகுதான் மீன்.

எப்படி அடையாளம் காண்பது? மேலே வந்து திணறுவது முதல் அடையாளம். கௌராமி, ஃபைட்டர் போன்றவை இயல்பாகவே மேலே வந்து காற்றை விழுங்கும் வகை என்பதால் அவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள், கப்பி, மொலி, கோல்ட் ஃபிஷ், ஏஞ்சல் என்ன செய்கின்றன என்று பாருங்கள். பூவின் மூடி வேகமாக அடித்துக்கொள்ளும். பூ கடும் சிவப்பாகவோ ஊதா கலந்தோ தெரியும். செட்டையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு அடியில் கிடக்கும். வால் செட்டையில் மெல்லிய சிவப்புக் கோடுகள் ஓடும். கடும் நிலையில் மூளையைத் தாக்கி, சுழன்று சுழன்று நீந்தி எங்காவது மோதும். சோதனைப் பெட்டி இருந்தால் பாருங்கள், சொட்டு விடும் வகையில் மஞ்சள் என்றால் நல்லது, பச்சை கூடக் கூட மோசம். பெட்டி கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். வீடு மாறி இரண்டு மூன்று நாளில் இந்த அடையாளங்கள் கண்டால் அமோனியா என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள், பிழையாகிப் போனாலும் நல்ல தண்ணீர் மாற்றியதால் எந்த மீனும் கெட்டுப் போகாது.

முதல் மருந்து தண்ணீர். பாதித் தண்ணீரை மாற்றினால் அமோனியா பாதியாகும், வேறு எந்தப் போத்தலும் அவ்வளவு நிச்சயமாக இதைச் செய்யாது. 2 இருந்தால் 1 ஆகும், மறுபடி பாதி மாற்றினால் 0.5. அக்கா வீட்டுத் தொட்டி மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். மூன்றையும் பெருக்கி 28ஆல் பெருக்கினால் லீற்றர் கணக்கு வரும், 126. கல்லும் மேலே விட்ட இடமும் போக 110 லீற்றர் என்று வைத்தோம். விடிய 50 லீற்றர், பின்னேரம் 30 லீற்றர், அடுத்த நான்கு நாளும் நாளுக்கு 30 லீற்றர் என்று மாற்றச் சொன்னேன். எல்லாத் தண்ணீரையும் ஒரே தடவையில் இறைத்துவிட்டு மீண்டும் தேய்த்துக் கழுவ அவன் தயாராக நின்றான், அதை மட்டும் செய்யாதே என்று இரண்டு தரம் சொன்னேன். உயிர் தப்பிய கொஞ்சப் பற்றீரியாவும் அதோடு போய்விடும்.

ஊற்றும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். கடையில் ஆன்ட்டி குளோரின் என்று கேட்டால் தருவார்கள், போத்தலில் எழுதிய அளவில் வாளியில் கலந்து சில நிமிடம் விட்டு ஊற்றலாம். அது இல்லாவிட்டால் அகன்ற பாத்திரத்தில் எயார் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்தால் சாதாரணக் குளோரின் போய்விடும். கிணற்றுத் தண்ணீரில் குளோரின் பயம் இல்லை, ஆனால் கிணறு சுத்திகரிப்பு என்று குளோரின் தூள் போட்டிருந்தால் கவனம். அதோடு இறைத்த உடனே கிணற்றுத் தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகவும் காபனீரொட்சைட்டு கூடவும் இருக்கும், ஒரு இரவாவது காற்று ஓட விட்டு ஊற்றுங்கள். வாவிக் கரையிலும் கடற்கரையிலும் உள்ள சில கிணறுகள் உவர்க்கும். கப்பிக்கும் மொலிக்கும் அது பரவாயில்லை, மற்ற மீன்களுக்குக் குடிக்கும் நல்ல தண்ணீர்க் கிணற்றையே பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு. வருடக்கணக்காகத் தண்ணீர் மாற்றாத தொட்டி என்றால் அதன் பீஎச் 6 வரை இறங்கியிருக்கலாம், அமோனியா நிறைய இருந்தும் அமோனியமாக அடங்கிக் கிடக்கும். அதில் பீஎச் 8 உள்ள தண்ணீரைப் பாதிக்குப் பாதி ஊற்றினால் நஞ்சுப் பங்கு திடீரென்று பல மடங்கு ஏறிவிடும். அப்படிப்பட்ட தொட்டிக்கு 10 லீற்றர், 10 லீற்றராகச் சில மணிக்கொருதரம் மாற்றுவதே பத்திரம்.

இரண்டாவது மருந்து காற்று. பூ எரிந்த மீனுக்கு ஒட்சிசன் எவ்வளவு கூடினாலும் நல்லது, இரவு பகல் எயார் பம்ப் ஓடட்டும், பில்டரின் தண்ணீர் மேற்பரப்பை அலைத்து விழட்டும். கறன்ட் போனால் பற்றரியில் ஓடும் சின்னப் பம்ப் கைகொடுக்கும். அதுவும் இல்லாவிட்டால் ஒரு ஜக்கால் தண்ணீரை அள்ளி ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருதரம் இருபது முப்பது ஜக். அக்காவின் மகள் அன்று மத்தியானம் அதைத்தான் செய்தாள், ஒரு மணி நேரம் கதிரை போட்டு இருந்து.

மூன்றாவது, பட்டினி. இதைச் சொன்னால் எல்லாருக்கும் மனம் கேட்காது. வளர்ந்த மீன் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது, போடும் ஒவ்வொரு உருண்டையும் நாளைய அமோனியா. இரண்டு மூன்று நாள் ஒன்றும் போட வேண்டாம். பிறகு நாளுக்கு ஒரு தடவை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். குஞ்சு மீன்களுக்கு மட்டும் துளி துளியாகப் போடத்தான் வேண்டும். தொட்டி விளக்கையும் அணைத்துவிடுங்கள், இருட்டில் மீன் அமைதியாக இருக்கும், மூச்சின் தேவையும் குறையும்.

மருந்துக் கடையில் நீல மருந்து, மஞ்சள் மருந்து என்று எடுத்து ஊற்றுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மெதிலீன் நீலமும் அன்ரிபயோற்றிக்கும் நோய்க் கிருமியை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்லாது, பில்டரில் மிஞ்சிய நல்ல பற்றீரியாவையும் தாக்கும். இங்கே நோய் இல்லை, நஞ்சு இருக்கிறது. அமோனியாவைக் கட்டிவைக்கும் என்று எழுதிய திரவங்கள் ஒரு நாள் அவகாசம் தரலாம், தண்ணீர் மாற்றுவதற்குப் பதிலாக அதை நம்பாதீர்கள்.

அப்புறம் பில்டரை எப்படித் திரும்ப உயிர்ப்பிப்பது? மிக நல்ல வழி, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பொஞ்ச் வாங்கி வருவது. என் தொட்டியிலிருந்து இரண்டு ஸ்பொஞ்சில் ஒன்றைக் கழற்றி, தொட்டித் தண்ணீரோடு ஒரு பையில் போட்டு, காற்று இருக்குமாறு கட்டி, மோட்டார் சைக்கிளில் ஆரையம்பதி தாண்டி வெயில் ஏறுமுன் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதை அவனுடைய பில்டருக்கு அருகிலேயே ஓட விட்டோம். நோயில்லாத தொட்டி என்று நிச்சயம் தெரிந்த இடத்திலிருந்து மட்டும் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மணி பிளான்ட் கொடியின் வேரைத் தொட்டிக்குள் தொங்க விடுங்கள், இலை வெளியே நிற்கட்டும். செடிக்கு அமோனியம் உணவு, கொஞ்சமாவது உறிஞ்சும். வாய்க்காலில் பிடுங்கிய பாசி வேண்டாம், அதோடு நத்தையும் ஒட்டுண்ணியும் வரும்.

ஐந்தாறு நாளில் மீன் தேறிவிட்டது என்று கையை எடுத்துவிடாதீர்கள். அமோனியா இறங்கும் நேரத்தில் நைத்திரைற்று ஏறும், அது இரண்டாவது அடி. நைத்திரைற்று இரத்தத்தில் புகுந்து ஒட்சிசனைச் சுமக்கவிடாமல் செய்யும், பூ சிவப்பு மாறி மண்ணிறமாகத் தெரியும், மீன் மறுபடி மேலே வரும். இதற்கு உப்பு நல்ல மருந்து. உப்பில் உள்ள குளோரைட்டு, நைத்திரைற்று பூ வழியாக உள்ளே நுழைவதைத் தடுக்கும். லீற்றருக்கு 1 கிராம், அதாவது 100 லீற்றர் தொட்டிக்கு 100 கிராம் கல்லுப்பு, ஒரு ஜக் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, நாளில் இரண்டு மூன்று தடவையாக ஊற்றுங்கள். அமோனியாவை உப்பு நீக்காது, இதைப் போட்டுவிட்டுத் தண்ணீர் மாற்றுவதை நிறுத்த வேண்டாம். மாற்றும் தண்ணீரில் அந்த அளவுக்கு மட்டும் திரும்ப உப்புச் சேர்த்தால் போதும். அடியில் மீசையோடு திரியும் கொரிடோராஸ் போன்றவை உப்பை விரும்பாது, அவை இருந்தால் பாதி அளவோடு நிறுத்துங்கள். பில்டரில் ஸியோலைட் கல் போட்டிருந்தால் உப்பு போடுமுன் எடுத்துவிடுங்கள், உப்புப் பட்டால் அது பிடித்து வைத்த அமோனியாவைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடும்.

ஏழாம் நாள் அவன் ஒரு படம் அனுப்பினான். செம்மஞ்சள் கோல்ட் ஃபிஷ் ஒன்றின் வயிற்றோரத்திலும் வால் அடியிலும் கரி பூசியது போலக் கறுப்பு. "இது அழுகுதா மாமா?" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பு மென்மையாகத் தோலோடு கலந்திருந்தது, பஞ்சு போல எதுவும் எழும்பவில்லை, செதில் கழலவில்லை, செட்டை நன்றாக விரிந்து நின்றது. எரிந்த இடம் ஆறும்போது கோல்ட் ஃபிஷ்ஷுக்கு இப்படிக் கறுப்பு ஏறுவது வழமை, நமக்குத் தீக்காயம் ஆறிய இடம் கறுப்பதைப் போல. ஒன்றும் போடாதே, தண்ணீரை மட்டும் பார் என்றேன். செட்டை ஓரம் வெள்ளையாகிக் கிழிந்து போனாலோ, பஞ்சு போல வளர்ந்தாலோ, உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் வந்தாலோ அது வேறு, சோர்ந்த மீனை நோய் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், அப்போதுதான் அந்த மீனைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்தியம் பார்க்க வேண்டும்.

அடுத்த தடவை தொட்டி மாற்றப் போகிறவர்களுக்கு: முந்தின நாள் சாப்பாடு போடாதீர்கள். கல்லைக் கிளறுமுன் மேல்தண்ணீரில் பாதியை வாளிகளில் எடுத்து வையுங்கள், அதில் பற்றீரியா அதிகமில்லை, ஆனால் மீனுக்குப் பழகிய தண்ணீர். ஸ்பொஞ்சைக் கழுவாமல் அந்தத் தண்ணீரிலேயே அமிழ்த்தி, மூடியை இறுக்காமல், பற்றரிப் பம்ப் ஓட விட்டுக் கொண்டுபோங்கள். தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய கனிஸ்டர் பில்டர் என்றால் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு ஈரமாக மட்டும் வையுங்கள். தண்ணீரோடு மூடி வெயிலில் மணிக்கணக்காகக் கிடந்ததை அப்படியே போட்டு ஓடவிட்டால் உள்ளே அழுகிய கறுத்த நீர் நேரே தொட்டிக்குள் வரும். அடியில் உள்ள கல்லையும் ஈரமாகவே கொண்டுபோங்கள், ஊத்தை கூட இருந்தால் பழைய தொட்டித் தண்ணீரில் ஒருதரம் அலசினால் போதும். புதுவீட்டில் முதலில் இறக்க வேண்டியது மீன் தொட்டி, அலுமாரி அப்புறம்.

அவனுடைய தொட்டியில் மொத்தம் பதினொன்றில் மூன்று போனது, எட்டு தப்பியது. மூன்றாவதாகப் போன ஏஞ்சல் திங்கள் இரவே போனது, அதன் பூ அவ்வளவு மோசமாக இருந்தது. இருபத்தாறாம் நாள் சோதனைக் குழாய் இரண்டும், அமோனியாவும் நைத்திரைற்றும், சுழியம் காட்டின. புது மீன் எப்போது விடலாம் என்று உடனே கேட்டான். இன்னும் ஒரு வாரம் விட்டு மறுபடி சோதி, அப்போதும் இரண்டும் சுழியம் என்றால் இரண்டே இரண்டு மீன் விடு, அதன் பிறகு பத்து நாள் பொறுத்து மறுபடி இரண்டு என்று சொல்லியிருக்கிறேன். என் ஸ்பொஞ்ச் இன்னும் அவனிடம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.